கடப்படிப் பாரா

என் மகள் நடக்கத் தொடங்கியது மாரி மழை ஓய்ந்து, ஆற்றுக்கு அக்கரையில் வேளாண்மை கதிர் தள்ளிய நாட்களில். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. மைமல் இறங்கும் நேரம், நான் விளக்கு வைக்கத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். அவள் குசினிக்குள் போய் உலக்கையை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு வெளியே இறங்கினாள். மா இடிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். உரலடிக்கு அவள் போகவில்லை. நேரே கடப்படிக்குப் போனாள். தேற்றாத்தீவில் எங்கள் வளவுக்கு அப்போது கேற் இல்லை. ஆள் போய்வர வேலியில் விட்டிருந்த கடப்புத்தான் வாசல். அதிலிருந்து வேலியோரமாகக் கிணற்றடி வரைக்கும் நடந்தாள். நின்றாள். குதிக்காலை நிலத்தில் ஓர் அடி அடித்துத் திரும்பினாள். மறுபடியும் கடப்படிக்கு நடந்தாள்.

“என்ன மனே, இது என்ன விளையாட்டு?” என்று கேட்டேன்.

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் ரோட்டைப் பார்த்தபடி நடந்தாள். நான் சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டதும் கேட்கவில்லை. கடைசியில் கால் ஓய்ந்து கிணற்றடியில் சரிந்தபோது தூக்கிக்கொண்டு வந்து பாயில் கிடத்தினோம். காலையில் எழும்பி, “கால் ஏன் நோகுது?” என்று என்னிடமே கேட்டாள்.

அடுத்த நாளும் மைமலானதும் எழும்பினாள். அதற்கடுத்த நாளும்.

அதற்கு முந்திய கிழமை ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்திருந்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் இருத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி நிறுத்திய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். என் மகளும் நடந்தாள். தலை ஆடவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைக்கு ஆடியது. “அந்தப் பயம்தான், விடு, தானாப் போகும்” என்றார் என் புருசன். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். பயந்த பிள்ளை மூலையில் ஒடுங்கும், அழும், சோறு தின்னாது. தோளில் உலக்கையோடு நெஞ்சை நிமிர்த்தி நடக்குமா?

பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னகா, மகளுக்கு ஆர் ரெயினிங் குடுக்கிற?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் ரோட்டை எட்டிப் பார்த்தேன். சந்தியில் ஆமியின் சென்றி இருந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் நிற்பவனுக்கு எங்கள் கடப்படி நேரே தெரியும். ஆற்றுப் பக்கத்தால் இயக்கப் பொடியன்மார் வந்து போவார்கள், அவர்களுக்கும் தெரியும். ஆமி கண்டால் பிடித்துக்கொண்டு போவான். பொடியன்மார் கண்டால், ரெயினிங் பழகின பிள்ளை என்று கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு மகள் இல்லை. வேறு பிள்ளையும் எனக்கு இல்லை.

என் புருசன் உலக்கையைப் பறித்து ஒளித்தார். அவள் வேலிக் கம்பு ஒன்றை எடுத்தாள். அதையும் பறித்தார். வெறுங்கையை மடித்து, ஏதோ இருப்பது மாதிரியே தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினோம். உள்ளே சுவருக்குச் சுவர் நடந்தாள். குதிக்கால் அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. கண்ணால் பார்ப்பதைவிட அது பொல்லாததாக இருந்தது. நானே போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

“நம்மட புள்ளைட கால் இல்ல இது” என்றார் அவர். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிற மனிசன்.

வைரவர் கோயில் கட்டாடியாரைக் கூட்டிவந்தோம். சடங்கு செய்கிறவர், பேய் கழிக்கவும் தெரிந்தவர். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்து, அவள் நடப்பதையே நெடுநேரம் பார்த்தார்.

“பேய் எண்டா தலைய விரிக்கும். சாராயம் கேக்கும். என்னைக் கண்டா தூசணத்தால பேசும். இது என்னை ஒரு ஆளா மதிக்கவே இல்லையே” என்றார். அவருக்கு அது மனவருத்தம் போலவே இருந்தது.

பிறகு என்னிடம் திரும்பினார். “உங்கட குடில அவதியில போன ஆம்பிள ஆரும் இருக்காங்களா?”

எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாக வரும். என் அம்மம்மாவின் குடி என் அம்மாவுக்கு, அம்மாவின் குடி எனக்கு, என்னுடையது என் மகளுக்கு. அந்த வளவும் அப்படித்தான், பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக இறங்கி இறங்கி என்னிடம் வந்தது. தேடுவதென்றால் அந்த வழியில்தான் தேட வேண்டும்.

“என்ட பக்கம் பாக்கத் தேவல்ல” என்றார் என் புருசன். “எங்கட ஆக்கள் எல்லாரும் வடிவாத் திண்டுட்டுத்தான் செத்தவங்க.”

எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். அம்மம்மாவின் தம்பி. அம்மா கூப்பிட்டபடியே நாங்களும் அவரை மாமா என்றுதான் சொல்வோம். நான் பிறக்க முதலே போய்விட்டவர். அவரைப் பற்றிக் கேட்டால் அம்மா, “ஆத்தில போயிட்டார்” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கலியாணம் கட்டாதவர், பிள்ளைகுட்டி இல்லாதவர் என்பதால் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆற்றில் போனவருக்கு ஆற்றங்கரையில் மடை வைத்தோம். பொரித்த மீன், இறால், அவித்த முட்டை, சாராயம், சுருட்டு எல்லாம் வாழை இலையில் படைத்து, கட்டாடியார் மந்திரம் சொல்லி, தண்ணீரில் இறங்கி மிதக்க விட்டார். இலை ஆடி ஆடிப் போவதைப் பார்த்தபோது எனக்கு மனம் இலேசானது. வீட்டுக்கு வந்தோம். அவள் கடப்படியில் நடந்துகொண்டிருந்தாள்.

“ஆளைப் பிழையாக் கூப்பிட்டிருக்கம்” என்றார் கட்டாடியார். “ஆர், எப்பிடிப் போனவர், என்ன வேலை செஞ்சவர் எண்டு வடிவா விசாரி. விசாரிச்சுட்டு என்னட்ட வா.”

விசாரிப்பது. அவருக்கு அது லேசாக இருந்தது. நான் கடையில் உப்புக் கேட்கவே இரண்டு தரம் தொண்டையைச் செருமுகிறவள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் அழுதிருக்கிறேன். ஆனால் அம்மா செத்துப் போனாள், அவளுக்கு மூத்தவர்களும் இல்லை. எனக்காகப் போய்க் கேட்க வேறு ஆள் இல்லை.

முதலில் செட்டிபாளையத்துக்குப் போனேன். அங்கே என் சின்னம்மா இருந்தாள். அம்மாவின் கடைசித் தங்கச்சி. முறைக்குச் சின்னம்மா என்றாலும் என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. இரண்டு பேரும் ஒன்றாகப் புழுதியில் விளையாடியவர்கள். அவள் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாரு, வாய் இல்லாப் பூச்சி பறந்து வந்திருக்கு!” என்றாள். “என்னகா, புருசன் அடிச்சானா?”

“இல்ல சின்னம்மா. மாமாவைப் பத்திக் கேக்க வந்த.”

“எந்த மாமா?”

“ஆத்தில போனவர்.”

“ஆத்தில போனவர் ஆத்தில போனவர்தான். வேற என்ன கிடக்கு கேக்க?”

“தோணி கவுண்டா?”

“ஓம். தோணி.”

“ஆர்ட தோணி?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எப்பயிருந்து உனக்கு இவ்வளவு வாய்? செத்த மனிசனக் கிண்டாத. ஆணம் ஆக்கிறன், இருந்து திண்டுட்டுப் போ.”

அப்போதுதான் மகளைப் பற்றிச் சொன்னேன். மைமலானால் எழும்புவதை, கடப்படியிலிருந்து கிணற்றடிக்கு நடப்பதை, குதிக்கால் அடித்துத் திரும்புவதை. அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

“உலக்கை எந்தத் தோளில?”

“இடது தோளில.”

அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். காகம் ஒன்று வந்து மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

“என்ட வாயால ஏலாது” என்றாள். “ஓட்டமாவடியில ஒரு முஸ்லிம் காக்கா இருந்தார். நெல் யாவாரி. ஒரு காது கேளாது. மாமா போன பிறகும் என்ட அம்மாவைப் பாக்க வருசா வருசம் பேரீச்சம்பழம் கொண்டு வந்தவர். உயிரோட இருந்தா அவரட்டக் கேள். கேட்டுட்டு இஞ்ச வா.”

அந்த நாட்களில் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடிக்குத் தமிழ் ஆட்கள் தேவையில்லாமல் போவதில்லை. அங்கிருந்து ஆட்கள் எங்கள் பக்கம் வருவதும் குறைவு. ஆம்பிளை போனால் செக்கிங்கில் இறக்கிவிடுவான் என்று நான் தனியாகவே போனேன். மட்டக்களப்பில் பஸ் மாறினேன். இறங்கு, நட, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. ஒவ்வொரு இடத்திலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆமிக்காரரின் சப்பாத்துகளைத்தான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது.

ஓட்டமாவடிச் சந்தையில் சாறித் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பலசரக்குக் கடை வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்காரரே கேட்டார்.

“என்ன வேணும் ராத்தா? நிண்டு நிண்டு தூணாப் போகப் போறீங்க.”

“நெல் யாவாரம் செஞ்ச ஒரு காக்கா. வயசானவர். ஒரு காது கேளாது.”

“எந்தக் காது?” என்றார். நான் முழித்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “பகிடிக்குக் கேட்ட. இந்தா, இந்த ஒழுங்கையால போங்க, பச்சைக் கேற்.”

காக்கா உயிரோடு இருந்தார். வாசலில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். அவருடைய மருமகள் எனக்குப் பிளேன்ரி கொண்டுவந்து தந்தாள். நான் யார் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. என் பேர் அவருக்கு எதற்கு? அம்மம்மாவைச் சொன்னேன். தேற்றாத்தீவில் கிணற்றுக்குப் பக்கத்தில் இரட்டைப் பனை நின்ற வளவு என்றேன். கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழும்பி உட்கார்ந்தார்.

“அவன்ட அக்காட பேத்தியா நீ?”

“ஓம்.”

“அவனும் நானும் ஒரே நாளிலதான் சேந்த, மகள். வெள்ளைக்காரன்ட பட்டாளத்தில.”

“பட்டாளத்திலயா?”

“ஏன், உங்கட ஊட்டில ஒருத்தரும் பறையல்லையா?”

“ஆத்தில போனவர் எண்டுதான் சொல்லுவாங்க.”

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். அது பிறகு சிரிப்பாக இருக்கவில்லை. மருமகள் வந்து முதுகைத் தடவிவிட்டாள்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை பிடித்த காலம். இவர்கள் இரண்டு பேரும் வயல் பொய்த்து வேலை தேடித் திரிந்தவர்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். சப்பாத்துக் கொடுத்தார்கள், துவக்குக் கொடுத்தார்கள், திருகோணமலைத் துறைமுகத்தில் பாராவுக்கு விட்டார்கள்.

“பாரா எண்டா காவல். இப்ப சென்றி எண்டுறாங்களே, அதுதான். ஒருத்தன் நிப்பான். நேரம் முடிய மத்தவன் வருவான். வந்து முன்னால நிண்டு மாத்துவான். மாத்த ஆள் வராம இவன் அசையப்படா. மழை பெஞ்சாலும் நிக்கணும், இடி விழுந்தாலும் நிக்கணும். அதுதான் சட்டம்.”

“மறுகா?”

“மறுகா ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். என்ட காது போனது அண்டைக்குத்தான். நான் தண்ணி ஓடுற கானுக்குள்ள கிடந்த. அவன் பாராவில. அவன மாத்த வேண்டிய பொடியன் மௌத்தாப் போனான். ஓடினவன் ஓடினான், செத்தவன் செத்தான். அவனை மாத்தணும் எண்டு ஆர் நினைக்கப் போறாங்க? அடுத்த நாள் நான் எழும்பி நடந்து போறன், அங்க இவன் நிக்கிறான். அவனுக்குப் பின்னால இருந்த கட்டிடம் இல்ல. காக்கிறதுக்கு ஒண்டும் இல்ல மகள். இவன் நிக்கிறான். கூப்பிட்டா பேச்சில்ல. கையப் புடிச்சு இழுத்தன், என்னைத் தள்ளி உட்டான். முன்னால போய் நேரா நிண்டு, நான் வந்திட்டன், நீ போ எண்டு சொன்ன பிறகுதான் துவக்கைத் தந்தான். தந்துட்டு அந்த மண்ணிலயே படுத்து உறங்கினான்.”

அதற்குப் பிறகு மாமாவின் புத்தி சரியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கட்டாடியார் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்? சுருட்டா, பீடியா? மடை வைக்க வேண்டும். மகள் நடப்பதையும் சொன்னேன். அவர் கதிரைக் கைப்பிடியைத் தட்டினார்.

“அவன் சோறு கேக்கல்ல மகள். ஆள் கேக்கிறான். மாத்த ஆள் போகல்ல, அவன் நிக்கிறான். போய் முன்னால நில்லு. கண்ணைப் பாரு. கண்ணைப் பாக்காம மாத்த ஏலா, தெரியாத ஆளிட்டக் குடுக்கமாட்டான். வந்திட்டன், நீ போ எண்டு சொல்லு. இங்கிலீசு ஒண்டும் வேணாம்.”

வரும்போது ஒரு செக்கிங்கில் எல்லோரையும் இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குத்தான் நான் ஆமிக்காரனை நிமிர்ந்து பார்த்தேன். மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு பையன் நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இன்னொருவன் நடந்து வந்து அவனுக்கு முன்னால் நின்றான். இருவரும் ஒன்றும் சத்தமாகப் பேசவில்லை. முதலாமவன் விலகினான். விலகின உடனே அவனுடைய தோள் இரண்டும் தொங்கிப் போயின. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு மர நிழலுக்குப் போனான். என் மகளின் தோள் எத்தனை நாளாக இறங்காமல் நிற்கிறது என்று நினைத்தேன். புதிதாக வந்தவன் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் அதட்டினான். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

நேரே சின்னம்மாவிடம் போனேன். நான் வாய் திறக்க முதலே அவள் கேட்டாள்.

“சொல்லிட்டாரா?”

“பட்டாளம் மட்டும்தான் சொன்னவர். வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது அவருக்குத் தெரியா.”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளும் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய அக்காமார், அதாவது என் அம்மாவும் நடுவில் பிறந்தவளும், தங்களுக்குள் குசுகுசுத்ததைக் கேட்டு வளர்ந்தவள். மாமா ஊருக்கு வந்த நாளிலிருந்து மைமலானால் உலக்கையோடு கடப்படியில் நிற்பாராம். விடிய விடிய நிற்பார். பகலில் நல்ல மனிசன். வேலி கட்டுவார், தண்ணீர் அள்ளுவார், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு திரிவார். விடியும்போது அம்மம்மா போய் அவருக்கு முன்னால் நின்று உலக்கையை வாங்கினால்தான் உள்ளே வந்து படுப்பார். அம்மப்பா போனால் கொடுக்கமாட்டார். அம்மப்பா வேறு குடி. பெற்ற வயிற்று வழியில் வந்த ஆளிடம்தான் கொடுப்பார்.

“அதை ஏன் மறைச்ச நீங்க?”

“ஏனா? வீட்டில மூண்டு குமர். தாய்வழில பைத்தியம் எண்டு தெரிஞ்சா ஆர் வந்து கட்டுவான்? உன்ட அம்மாவைக் கட்டியிருப்பானா? நீ பிறந்திருப்பியா?”

“அப்ப ஆத்தில போன எண்டது?”

அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “என்ட அம்மாவுக்கு நோக்காடு கண்டுது. ஒரு இரவும் ஒரு பகலும். அடை மழை. எல்லாரும் அம்மாவோட நிண்டாங்க. மாமாவை ஒருத்தரும் நினைக்கல்ல. அவர் கடப்படியில நனைஞ்சு நனைஞ்சு நிண்டிருக்கார். காய்ச்சல் வந்து விறைச்சு, புத்தி தடுமாறி, ஆத்துப் பக்கம் போயிருக்கார். கரையில தண்ணிக்குள்ள முகங்குப்புறக் கிடந்தவராம். அப்ப, ஆத்தில போனவர் எண்டது பொய்யும் இல்ல.” பிறகு சொன்னாள், “அண்டைக்குப் பிறந்தது நான்தான்.”

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். மீன் மணத்தது.

“நானே வந்து மாத்தட்டா?” என்று கேட்டாள்.

“வேணாம். அவள் என்ட பிள்ளை.”

வீட்டுக்கு வந்து புருசனுக்குச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். “ஒரு குடும்பத்துக்குள்ள ஒரு ஆமிக்காரனை இவ்வளவு காலம் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்களே, பொல்லாத பொம்பிளைகள்” என்றார். பிறகு உலக்கையை ஒளித்து வைத்த இடத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டுவந்து குசினி மூலையில் சாத்தினார். “உன்னட்டத் தராட்டி நான் முன்னால நிண்டு பாக்கிறன்.”

“உங்கள்ட்டத் தரமாட்டார். நீங்க வேற குடி.”

“இதுக்குமா குடி பாக்கிற?”

மைமல் இறங்கியது. அவள் எழும்பினாள். உலக்கையை எடுத்தாள். சந்தியில் சென்றியில் இருந்தவன் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சம் எங்கள் வேலியில் விழுந்து விழுந்து போனது. அவள் கிணற்றடிவரை போய்த் திரும்பி வரும்போது நான் கடப்படியில் போய் நின்றேன். எனக்கு நேரே வந்து நின்றாள். இடித்துக்கொண்டு போகவில்லை, நின்றாள்.

கண்ணைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையின் கண்தான். கலியாண மணவறையில் புருசனையே நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தேன். அந்தக் கண்ணில் என் மகள் இல்லை. நல்லாக் களைத்துப்போன ஒரு மனிசன் இருந்தார். பொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

“நான் வந்திட்டன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “நான் வந்திட்டன் மாமா. உங்கட அக்காட மகள்ட மகள். நீங்க போங்க. போய்ப் படுங்க.”

உலக்கை தோளிலிருந்து இறங்கியது. இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கினேன். அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்தன.

“அம்மா, பசிக்குது” என்றாள்.

என் புருசன் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சோறு போடும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ பகிடி விட, அவள் சிரிக்கும் சத்தமும் கேட்டது. நானும் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. காலை எடுக்க வரவில்லை. எப்படி வாங்குவது என்று காக்கா சொல்லித் தந்தார். வாங்கின பிறகு எப்போது போகலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சந்தியின் வெளிச்சம் என் மேலும் ஒருதரம் விழுந்து போனது. பிறகு அவர் வந்து, “அவள் உறங்கிட்டாள், வா” என்று கையைப் பிடித்தார். நானும் கையை உதறினேன். பெலமாக உதறினேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டு, விடியும்வரை அதிலேயே இருந்தார்.

காலையில் செட்டிபாளையத்திலிருந்து சின்னம்மா வந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முன்னால் வந்து நின்று, “வந்திட்டன் புள்ள. போ” என்றாள். அப்போதுதான் என்னால் நடக்க முடிந்தது.

மகள் அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஒன்றும் நினைவில்லை என்றாள். படித்தாள், கலியாணம் கட்டினாள். ஆமியும் பிடிக்கவில்லை, பொடியன்மாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தச் சண்டையில் எத்தனை தாய்மாருக்கு அப்படிச் சொல்ல வாய்த்தது? நான் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

மைமலானால் என் கால்தான் இழுக்கும். உலக்கை எடுப்பதில்லை, வெறுங்கையோடு போய்க் கடப்படியில் நிற்பேன். விடிய விடிய நிற்பது அந்த ஒரு நாள்தான். பிறகு கொஞ்ச நேரம் நின்றால் விடும். ஆனால் முழுதாக விடுவதில்லை. சின்னம்மா வர ஏலும்போதெல்லாம் வந்து மாற்றினாள். “வாய் இல்லாப் பூச்சி, போய்ப் படு” என்பாள். அவள் வந்து மாற்றிய நாட்களில் கடப்படியில் அவள் நிற்பாள், நான் செத்தவள் மாதிரி உறங்குவேன். வராத நாட்களில் உறக்கம் அரைகுறைதான். சண்டை முடிந்து ஒரு வருடத்தில் அவளும் கண்ணை மூடிவிட்டாள். குடியில் பொம்பிளைகள் என்று இப்போது மிஞ்சியிருப்பது நானும் என் மகளும்தான். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

இப்போது வீட்டுக்கு இரும்புக் கேற் இருக்கிறது. சந்தியில் மண்மூட்டை இல்லை, அந்த இடத்தில் ரீச்சார்ஜ் கடை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, மனிசி வெளிநாட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறதாக்கும் என்று ரோட்டால் போகிறவர்கள் நினைப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. மகளுக்கும் இதுவரை சொல்லவில்லை. அவள் இதை வாசிப்பாளோ தெரியாது. வாசித்தால் விளங்கிக்கொள்ளட்டும், நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று.

போன கிழமை மழை தூறியது. நான் நின்றுகொண்டிருந்தேன். மகள் குடையோடு வந்தாள். வந்து என் முன்னால் நேரே நின்றாள்.

“அம்மா, நுளம்பு கடிக்கும். நனையாதீங்க. நீங்க உள்ள போங்க, ஆரும் வந்தா நான் பாக்கிறன்.”

அவள் என் கண்ணைத் தேடினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“போ உள்ள” என்றேன்.

“என்னம்மா இது, வந்து நிக்கிறனே—”

“போ எண்டா போ!”

வாழ்நாளில் அவளிடம் நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அவள் முகம் சுருங்கிப் போனது. குடையைக் கேற்றில் கொழுவிவிட்டு, படியேறி, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நின்றேன்.